வீட்டுப் பழுதுகளை நாமே சரிசெய்வதில் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

குழாய், மின்விசிறி, கீசர் என்று வீட்டில் வரும் பழுதுகளையெல்லாம் காணொளி பார்த்து நாமே சரிசெய்துகொள்ளலாமா, எதற்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுப் பழைய வீட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் கைக்கொண்டுவரும் அளவுகோலைச் சொல்கிறேன். செய்த வேலையில் பிழை இருந்தால் அது அப்போதே கண்ணில் படுமா, அல்லது சுவருக்குள் ஒளிந்திருந்து பல மாதம் கழித்து வீட்டில் ஒருவரைத் தாக்குமா என்பதுதான் அது. வேலை எளிதா கடினமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

குழாய் மாற்றுவது முதல் வகையைச் சேர்ந்தது. மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டுப் பழைய குழாயைக் கழற்றி, புதியதன் மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றி முறுக்கினால் வேலை முடிந்தது. டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டால் முறுக்கும்போதே அது பிரிந்து வரும். தண்ணீரைத் திறந்த மறுநிமிடம் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சுவருக்குள் இருப்பது துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய் என்றால், வழக்கத்துக்கு மாறான இறுக்கத்தைக் கை உணர்ந்தவுடன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். உள்ளேயே முறிந்தால் சுவரை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

மின்வேலையில் எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு மின்விசிறி. மெதுவாகச் சுற்றிய விசிறிக்குக் கண்டன்சர் மாற்ற வேண்டும் என்று தெரிந்து, 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை வாங்கிவந்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். விசிறியின் கம்பி இணைப்பை மூடியிருக்கும் கப்பை இறக்கியதும், வெறும் பழக்கத்தினால் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தும் டெஸ்டரின் பல்பு எரிந்தது. உடனே இறங்கி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்கள் பகுதிக் கம்பியாளரை அழைத்தேன். அவர் சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்த்து, "சார், சுவிட்ச நியூட்ரல்ல போட்டிருக்காங்க. நீங்க ஆஃப் பண்ணாலும் ஃபேன்ல கரன்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்சை, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் யாரோ எப்போதோ மாற்றி இணைத்திருக்கிறார்கள். விசிறி ஓடியது, நின்றது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பார்த்த காணொளிகள் எல்லாம் கம்பிகள் சரியாக இணைக்கப்பட்ட வீட்டைக் காட்டின. என் வீட்டின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அவை எப்படிச் சொல்லும்?

கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் இணைப்பு இதைவிட மோசமாக ஏமாற்றும். எர்த் கம்பி வராத ப்ளக் பாயிண்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வாஷிங் மெஷின் குறையின்றி ஓடும். ஆனால் என்றாவது ஒருநாள் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் மின்சாரம் மெஷினின் தகட்டு உடம்புக்கே வந்துவிடும். ஈரக்கையோடு அதைத் தொடுபவருக்கு எந்த முன்னறிவிப்பும் இருக்காது. ஆகவே பல்பு, வெளியில் தெரியும் ப்ளக் டாப் ஆகியவற்றோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். சுவருக்குள் போகும் கம்பி எதுவானாலும், மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளர்தான் தொட வேண்டும்.

கீசர் விஷயத்தில் நான் ஒரு பெரிய தவற்றின் விளிம்புவரை போனேன். தண்ணீர் சூடேறும்போதெல்லாம் அதன் அடியில் உள்ள சிறிய வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. ஒழுகல் என்று எண்ணி, அதன் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிடத் தீர்மானித்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சொன்னதும் கொடுக்க மறுத்துவிட்டார். சூடாகும் நீர் விரிவடைவதால் ஏறும் அழுத்தத்தை வெளியேற்றத்தான் அந்த வால்வு இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் பழுதாகிவிட்டால் தொட்டியே வெடிக்கக்கூடும் என்று பொறுமையாக விளக்கினார். அடைத்திருந்தால் சொட்டுவது நின்றிருக்கும், நானும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. அந்தக் கடைக்காரருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

கூரையில் பூச்சு உதிர்ந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தாலும் இதே கதைதான். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. துருவை நீக்காமல் மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் உள்ளே அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். சமையல் எரிவாயுவில் ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே நம் வேலை. கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் நாமும் இறங்கக் கூடாது, கூலிக்கு இன்னொருவரையும் இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் நச்சுவாயு நொடியில் ஆளை மயக்கிவிடும்; பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆள் கூப்பிட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அருகில் நின்று, என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல தொழிலாளி அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். விசிறி வேலை முடிந்த அன்று அந்தக் கம்பியாளரே வலியுறுத்தி, 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக்கொடுத்தார். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் வேலை. சென்ற மாதம் அழுத்தியபோது அது மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறக்காமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.