2147483647 பகா எண்தான் என்று வகுப்பறையிலேயே நிறுவ முடியுமா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கணித ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: டிசம்பர் 22, தேசிய கணித நாள் கண்காட்சிக்காக 2147483647 என்ற எண்ணையும், 627001 என்ற திருநெல்வேலி அஞ்சல் குறியீட்டு எண்ணையும் பகா எண்கள் என்று மாணவிகள் பலகையில் எழுதியிருக்கிறார்கள், பார்க்க வருபவர் ஆதாரம் கேட்டால் கணினி இல்லாமல் எப்படி நிறுவுவது?

627001-ஐ முதலில் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பகு எண். அதன் வர்க்கமூலம் 791-ஐச் சற்றே தாண்டுவதால், பகா எண்ணாக இருந்திருந்தால் 787 வரையுள்ள 138 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தே தீர வேண்டியிருந்திருக்கும். நல்ல வேளையாக இருபதாவது பகா எண்ணான 71-லேயே மீதியின்றி வகுபட்டு, ஈவு 8831 என்று வந்துவிடுகிறது.

2147483647 என்பது 2³¹ − 1; பகா எண்ணே. இதன் வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டுகிறது. அதற்குள் 4792 பகா எண்கள் இருப்பதால் முரட்டு வகுத்தல் வகுப்பறைக்கு ஒத்துவராது. 1772-இல் இதை நிறுவிய கணித அறிஞர் ஆய்லர், எந்தெந்த எண்கள் காரணியாக இருக்கவே முடியாது என்பதை முதலில் கழித்துக்கட்டினார். p என்ற பகா எண் இதன் காரணி என்றால், 2³¹-ஐ p-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 31 பகா எண் என்பதால், பெர்மாவின் சிறு தேற்றப்படி (p-ஆல் வகுபடாத எண்ணை p − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தி p-ஆல் வகுத்தால் மீதி 1) p − 1 என்பது 31-இன் மடங்காகும். p ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்காகவும் ஆகும். மேலும் 2³²-க்கு, அதாவது 2¹⁶-இன் வர்க்கத்துக்கு, மீதி 2 என்பதால், 2 ஒரு வர்க்க மீதியாகிறது (ஒரு முழு எண்ணின் வர்க்கத்தை p-ஆல் வகுக்க வரும் மீதி). ஆகவே p-ஐ 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மிஞ்சும். இரண்டையும் சேர்த்தால் காரணிகள் 248k + 1 அல்லது 248k + 63 என்ற வடிவில்தான் இருக்க முடியும். 46340-க்குள் அத்தகையவை 373 மட்டுமே. 3, 5 ஆகியவற்றின் மடங்குகளை நீக்கினால் ஏறத்தாழ 200.

ஒன்றைச் செய்து பார்ப்போம். 248 + 63 = 311. 2³¹-ஐ இதனால் வகுக்க மீதி 1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2⁸ = 256, அதிலிருந்து 311-ஐக் கழித்தால் மீதி −55; அதன் வர்க்கம் 3025, 311-ஆல் வகுக்க மீதி −85, இது 2¹⁶-க்கு உரியது. −55-ஐயும் −85-ஐயும் பெருக்கினால் 4675, மீதி 10, இது 2²⁴-க்கு உரியது. இன்னும் 2⁷ = 128-ஆல் பெருக்க 1280, மீதி 36. 1 வரவில்லை, ஆகவே 311 காரணி அன்று. பத்திலக்க எண்ணைத் தொடாமலே வேலை முடிந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுக்கு பகா எண்ணாக இருப்பதால் 2³¹ − 1-உம் பகா எண் என்று மட்டும் யாரும் விளக்கிவிட வேண்டாம்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

நாற்பது மாணவிகள் என்றால் ஆளுக்கு ஐந்து எண்கள் வரும். ஒவ்வொருவரும் மீதியைத் தாளில் குறிக்கட்டும். இன்னொருத்தி அதைச் சரிபார்க்கட்டும், ஏனெனில் ஒரே ஓர் எண் விட்டுப்போனாலும் நிறுவல் நிறைவு பெறாது.