கோயில் கொட்டும் குடும்பச் செலவும்

கேள்வி: ரீயூனியன் தீவில் சேன் ஆந்த்ரேயில் வசிக்கிறேன். தப்பும் மத்தளமும் வாசிப்பேன். எங்கள் தீவின் நாட்டுப்புற இசையான மலோயாவின் தாளத்தில் தமிழ்ப் பாட்டும் கட்டுகிறேன். கடை வேலையை விட்டு ஒன்றரை ஆண்டாகிறது. கல்யாணம், கோயில், ஓட்டல் என்று அழைப்புக்குக் குறைவில்லை. கையில்தான் காசு நிற்பதில்லை. இப்போது புது மெட்டும் வருவதில்லை. மறுபடி வேலைக்கே போய்விடலாமா?

பதில்: அதை முடிவு செய்யுமுன், சென்ற பன்னிரண்டு மாதங்களில் வாசித்த நிகழ்ச்சிகளை ஒரு நோட்டில் எழுதி, அவற்றுள் எத்தனைக்குச் சம்பளச் சீட்டு வாங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது என் ஊகம்.

உங்கள் தீவு பிரான்சின் மாவட்டமாக இருப்பதால், நிகழ்ச்சிக் கலைஞர்களுக்கு அந்நாட்டிலுள்ள வேலையின்மைக் காப்பீடு உங்களுக்கும் உரியது. 12 மாதங்களில் 507 மணி நேரம் முறைப்படி பதிவான வேலையைக் காட்டினால், நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை கேட்கலாம். மணிக்கணக்குப் பாராமல் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளும் ஊதியமான காஷே ஒவ்வொன்றும் 12 மணி நேரமாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே 43 காஷே இருந்தால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். உறையில் வைத்துத் தரும் பணம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கில் சேராது. கல்யாண வீட்டாரும் சிறு சங்கங்களும் உங்களை வேலைக்கு வைத்ததாகப் பதிவு செய்வதற்கென்றே கூசோ என்ற கட்டணமில்லாச் சேவை இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து 15 நாட்களுக்குள் அவர்கள் படிவத்தையும் காப்பீட்டுக்கான பங்குத் தொகையையும் அங்கே அனுப்பவேண்டும். மாமா வீட்டுக் கல்யாணத்தில் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று கூசுவீர்கள். சமையல்காரர் கூசுகிறாரா என்ன?

தீமிதிக்கும் காவடிக்கும் வாசிப்பது வேறு. அது நேர்ந்துகொண்டு செய்வது. அதற்குக் கூலி பேசும்படி நான் சொல்லமாட்டேன். சொந்தப் பாடல்களை மட்டும் மறவாமல் சாசெமில், அதாவது பாட்டு எழுதுவோருக்கும் மெட்டமைப்போருக்கும் உரிமைத்தொகை திரட்டித் தரும் பிரெஞ்சுச் சங்கத்தில், பதிந்துவிடுங்கள்.

மெட்டு வராததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஓட்டலில் கேட்டதையே வாரந்தோறும் வாசித்தால் விரல் பழகும், காது மரத்துப்போகும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயிலொன்றில் ஒரு முதியவர் தப்பைக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். தோலைத் தீயருகே திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு விரலால் தட்டி, முகம் சுளித்து, மறுபடி காட்டினார். சுருதி சேர்ந்ததும் அவர் தலையசைக்கும் வரை யாரும் கோலெடுக்கவில்லை. அத்தகையவர்களிடம் போய் உட்காருங்கள். விடிய விடிய நடக்கும் பால் தமூல் என்ற உங்கள் தீவுத் தமிழர் நாடகத்தில் வாத்தியார் பாடும் பழைய பாட்டுகளுள் நான்கையாவது பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; சொல்லின் பொருள் தெரிந்தபின் அதே மெட்டு வேறு இடத்தில் மடங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

கடை வேலைக்குத் திரும்புவதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவை ஓராண்டு தள்ளிப்போடலாம். அடுத்த கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கும்போதே கூசோ பேச்சை எடுத்துவிடுங்கள்.