வாசகர் கேள்வி – பதில்: அண்டாவில் ஒட்டிய டேக் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் பந்தல், நாற்காலி, மேசை, சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றை வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். மொத்தம் 3,000 பொருள்கள் இருக்கும். காவடிக் காலத்தில் ஒரே வாரக்கடைசியில் ஐந்தாறு இடங்களுக்குப் பிரிந்து போகும் சாமான்கள் திரும்பி வரும்போது கணக்கு ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. அதனால் ரேடியோ அலை வழியாகத் தன் எண்ணைச் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. காகித டேக்குகளை வாங்கிப் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் பிரியாணி அண்டாக்களிலும் ஒட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் பதிவாகின்றன, அண்டாக்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. டேக்கைப் படிக்கும் கருவியான ரீடரின் சக்தியைக் கூட்டினால் போதும் என்கிறார் விற்றவர். உண்மைதானா?

பதில்: உண்மையில்லை, விற்றவர் உங்களிடம் உலோகத்துக்குப் பொருந்தாத டேக்கைக் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாங்கியது பாசிவ் வகை, அதாவது மின்கலம் இல்லாத டேக். ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அதன் சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு அதே அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி அனுப்பித் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் மினுக்கிக் காட்டும் சிறுவனின் விளையாட்டுதான் இது. இப்படி எதிரொளித்த அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-இலேயே எழுதிவிட்டார்.

உலோகத்தின் மேல் ஒட்டும்போது இந்த ஏற்பாடு அடியோடு குலைகிறது. வரும் அலையும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அந்தப் பரப்பை ஒட்டிய இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. போதாததற்கு, ஆன்டெனா தனக்குரிய அலைவரிசையை விட்டும் விலகிப் போகிறது. ஆகவே சில்லு விழிப்பதற்கு வேண்டிய மின்சாரமே அங்கே கிடைப்பதில்லை. இந்த நிலையில் ரீடரின் சக்தியைக் கூட்டினால், பக்கத்துக் கொட்டகையிலுள்ள நாற்காலிகள்தான் வேண்டாமல் வந்து கணக்கில் சேரும்.

உலோகப் பொருள்களுக்கென்றே டேக்குகள் தனியாகக் கிடைக்கின்றன. ஆன்டெனாவுக்கும் உலோகத்துக்கும் இடையே பீங்கான், பிளாஸ்டிக் போன்ற ஓர் அடுக்கை வைத்து, உலோகப் பரப்பையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் அமைப்பு அது. காகித டேக்கைவிட விலை பல மடங்கு ஆகும் என்பதால் அண்டா, கேஸ் அடுப்பு, பந்தல் கம்பங்கள் போன்ற விலை கூடியவற்றுக்கு மட்டும் வாங்குங்கள். அடுப்பேறும் பாத்திரத்தில் பசை நிற்காது. வெப்பம் தாங்கும் டேக்கைத் தீ எட்டாத கைப்பிடியில் ரிவெட் அடித்துப் பொருத்தச் சொல்லுங்கள். கைப்பிடியை நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது உள்ளே போன டேக்கை ரேடியோ அலை எட்டாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைத்தான் எட்டும். நாற்காலிகளை அடுக்கும்போதும் டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிப் படிந்தால் ஒன்று மற்றொன்றின் வாயை அடைக்கும்; எனவே அவற்றைப் பக்கவாட்டு விளிம்பில் ஒட்டுவது நல்லது. மழையில் நனைந்த பந்தல் துணி காயும்வரை அதன் கணக்கை நம்பாதீர்கள், ஏனெனில் இந்த அலைவரிசையை நீர் விழுங்கிவிடும். மேசை விரிப்புகளுக்குச் சலவையைத் தாங்கும் தையல் டேக்குகள் உண்டு. கரண்டிக்கும் தட்டுக்கும் தனித்தனி டேக் வேண்டாம். நூறு நூறாகப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு ஒரு டேக் வையுங்கள்.

வாசலில் நிலையாகப் பொருத்தும் ரீடரைவிட, உங்கள் அளவிலான தொழிலுக்குக் கையில் பிடிக்கும் ரீடரே போதும் என்பது என் கருத்து. வாசல் ரீடர் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் மட்டுமன்றி, வாசலோரம் சும்மா கிடப்பதையும் சேர்த்து எண்ணும். திசையைப் பிரித்தறிய மேலும் ஆன்டெனாக்களும் மென்பொருளும் தேவைப்படும். சாமான் ஏற்றிய பக்கியை, அதாவது சிறு சரக்கு வண்டியைச் சுற்றி ஒரு ஆள் கை ரீடருடன் நடந்து வந்தால் வேலை முடிந்துவிடும். ஒரே டேக் நூறு முறை பதிவானாலும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பதால் மென்பொருள் அதை ஒன்றாகவே கொள்ளும். மொத்தமாக வாங்குவதற்கு முன், இருபது டேக்குகளைப் பொருத்தி, வழக்கம்போல் பக்கியில் ஏற்றி, எத்தனை பதிவாகின்றன என்று பாருங்கள். இருநூறு, முந்நூறு பொருள்கள் மட்டுமே உள்ளவர்கள் இந்தச் செலவில் இறங்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டிப் படிக்கும் பார்கோடே அவர்களுக்குப் போதும்.

கேள்வி: டர்பனை அடுத்த பீனிக்ஸில் கணக்கர் அலுவலகம் நடத்துகிறேன். மடிக்கணினிகளில் இந்த டேக்கை ஒட்டினால், திருடு போனபின் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள முடியுமா? மின்வெட்டின்போது டேக் வேலை செய்யுமா?

பதில்: முடியாது, அம்மா. வாகனங்களில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி மின்கலத்தையும் கைப்பேசிக் கோபுரங்களையும் நம்பி இயங்குவது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தடையில்லாத இடத்தில்கூடப் பாசிவ் டேக்கை ஏறத்தாழ பத்து மீட்டருக்குள்தான் படிக்க முடியும். தடுப்புகள் நிறைந்த அறையில் அதைவிடக் குறைவு. கடைசியாக எந்த ரீடர் எந்த நேரத்தில் பார்த்தது என்பதை மட்டுமே அது சொல்லும். ஆண்டு முடிவில் சொத்துப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டுமானால் மிகவும் பயன்படும். அறை அறையாக நடந்தே முடித்துவிடலாம். மின்வெட்டால் டேக்குக்கு ஒன்றும் ஆகாது. ரீடருக்குத்தான் மின்சாரம் வேண்டும், கை ரீடராயின் அதன் மின்கலம் தாங்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பழைய ரீடர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கு வரவழைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க ரீடர்கள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை தாவித் தாவி இயங்குபவை; அதில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவில் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. இங்கே ரீடர்களுக்கு 865 – 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் உண்டு. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் இகாசா அமைப்பின் வகை ஒப்புதல் பெற்ற கருவியா என்று பார்த்தே வாங்க வேண்டும். காகித டேக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலானவை 860 முதல் 960 வரை ஒத்துழைக்கும்படி செய்யப்பட்டவை என்பதால், அவற்றை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்கலாம்; உலோகத்துக்கான டேக்குகளை மட்டும் 865 – 868 பகுதிக்கு ஏற்றவையா என்று பார்த்து வாங்குங்கள்.