பட்ட மரக்கட்டையில் விளக்கும் சிற்பமும் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: “ஆற்றங்கரையில் ஒதுங்கும் வேர்க்கட்டை, புயலில் முறிந்த கிளை போன்றவற்றை வைத்துச் சிற்பமும் மேசை விளக்கும் செய்ய ஆசை. தச்சு வேலை தெரியாது. எங்கிருந்து தொடங்குவது, என்னென்ன கருவி வாங்குவது?”

கருவியை அப்புறம் பார்க்கலாம். கையில் இருக்கும் கட்டையை முதலில் ஒரு சமதளமான மேசையில் நிறுத்திப் பாருங்கள். புரட்டி, தலைகீழாக்கி, பக்கவாட்டில் சாய்த்து, எத்தனை விதமாக வைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் வைத்துப் பாருங்கள். வேர்க்கட்டை என்றால் ஏதாவது ஒரு நிலையில் மூன்று முனைகள் தரையைத் தொட்டுத் தானாகவே நின்றுவிடும். மூன்று முனையில் நிற்பது ஆடாது. அந்த நிலை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே நினைக்கிறேன். எது முன்பக்கம், ஒளி எங்கிருந்து வர வேண்டும், எந்தக் கிளையை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் கட்டை நிற்கும் விதத்தை வைத்துத்தான் முடிவாகும்.

ஒன்பது வருடமாக இதைச் செய்துவருகிறேன். முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மிருகத்தைத் தேடினேன். கொக்கு மாதிரி இருந்தால் அலகைச் சீவி, கண்ணுக்கு ஒரு துளை போட்டுவிடுவேன். கண் வைத்த பிறகு அது கொக்கு மட்டும்தான், வேறு எதுவாகவும் பார்க்க முடியாது. அவற்றில் ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. எதையும் சேர்க்காமல், சரியான நிலையில் நிறுத்தி மட்டும் வைத்த கட்டைகளை இன்றைக்கும் தினமும் பார்க்கிறேன். அதனால் கண் வைக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தானாக நிற்காத கட்டைக்கு அடியைச் சமப்படுத்த வேண்டும். பிடித்த நிலையில் வைத்துச் சுற்றிலும் சின்ன ஆப்புகளைச் செருகி ஆடாமல் நிறுத்துங்கள். ஒரு சிறு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, துண்டை மேசையோடு ஒட்டியபடி கட்டையைச் சுற்றி நகர்த்தினால், எவ்வளவு கோணலான அடியிலும் ஒரே மட்டத்தில் கோடு விழும். அந்தக் கோட்டில் ரம்பத்தால் அறுத்துவிட்டு, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தால் போதும். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் சாய்ந்தால், கட்டையை ஒரு கயிற்றில் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் கயிற்றின் நேர்கோடு கட்டைக்குள் எந்த இடத்தில் குறுக்கிடுகிறதோ அங்கேதான் எடையின் மையம். நிறுத்தி வைக்கும்போது அந்தப் புள்ளிக்கு நேர் கீழே உள்ள இடம் அடித்தளத்துக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் ஒரு கனமான கல் பலகையை அடியில் வைத்து, 10 அல்லது 12 மில்லிமீட்டர் முளை ஒன்றால் இரண்டையும் பிணைத்துவிடுங்கள்.

அடுத்தது காய வைப்பது. பலரும் அவசரப்படுவது இங்கேதான், நானும் அவசரப்பட்டிருக்கிறேன். வெளியே உலர்ந்து வெளுத்திருந்த ஒரு வேர்க்கட்டையை எடுத்துவந்த வாரமே துளை போட்டு விளக்காக்கினேன். ஒரு மாதத்தில் மேலிருந்து கீழ்வரை வெடித்து, உள்ளே போன வயர் வெளியே தெரிந்தது. மேல்தோல் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது.

மரத்தின் செல்களுக்குள் தேங்கியிருக்கும் நீர் வெளியேறும்வரை அது சுருங்குவதில்லை. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் செல் சுவர்களிலிருந்தே நீர் போகத் தொடங்குகிறது, அப்போதுதான் சுருக்கம். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டோடு இருக்கும் முழுக் கிளை அநேகமாக வெடிப்பதற்குக் காரணம் இதுதான். வெட்டிய முனைகளில் ஈரம் மிக வேகமாக வெளியேறும் என்பதால் அங்கே மெழுகோ பழைய பெயிண்டோ தடவி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நான் நம்புவது தராசைத்தான். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் கட்டையின் அடியிலேயே தேதியோடு எழுதிவைப்பேன். நான்கைந்து வாரம் எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது.

அப்படியும் விரிசல் விழலாம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அதை அடைத்துவிட வேண்டாம். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா (1905–1990) தன் மேசைப் பலகைகளில் வெடிப்புகளை அப்படியே விட்டு, அவை மேலும் விரியாதபடி குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் வேறொரு மரத்துண்டைப் பதித்தார். இரண்டு புறாவால்களை இடுப்பில் ஒட்டவைத்தது போன்ற துண்டு அது. வெடிப்பைப் பிடித்து நிறுத்தும், பார்க்கவும் அழகாக இருக்கும். சிறிய உளி பழகியதும் நீங்களும் செய்யலாம்.

கடலோரக் கட்டை என்றால் உப்பும் சேர்ந்தே வரும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும், விளக்கு ஹோல்டரின் உலோகத்தையும் அரிக்கும். காய வைப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிச் சில வாரம் விட்டுவிடுங்கள். திருகாணி பித்தளையாக இருக்கட்டும்.

பூச்சியையும் கவனிக்க வேண்டும். கட்டையைக் கறுப்புத் தாளின் மேல் சில வாரம் வைத்துப் பாருங்கள். மாவு போல மெல்லிய தூள் விழுந்துகொண்டே இருந்தால் உள்ளே வண்டு இருக்கலாம். பூச்சி பரவாமல் தடுக்க, நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளை மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் எட்டும்படி சூடாக்கி 30 நிமிடம் வைத்திருப்பது உலக அளவிலான விதி ஏற்கும் ஒரு முறை. காய்ந்த சிறு துண்டுகளை மின்சார ஓவனில் குறைந்த சூட்டில், பக்கத்திலேயே நின்றுகொண்டு, இதே போல் சூடாக்கலாம். பெரிய கட்டையில் நடுப்பகுதிவரை சூடு போய்ச் சேர்வது கடினம். தூள் கொட்டும் பெரிய கட்டையை நான் வீட்டுக்குள் எடுத்துவருவதே இல்லை.

இனி சுத்தம் செய்வது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பட்ட மரத்தில் வெளிறு எனப்படும் வெளிப்பக்க மரம் முதலில் இற்றுப்போகும், வைரம் எனப்படும் கெட்டியான உள்மரம் நிற்கும். அந்த வளைவுகளையும் பள்ளங்களையும் செதுக்கியது மழையும் பூஞ்சையும்தான். உளியை ஓங்கினால் அந்த வேலை அழிந்துபோகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போகும் இடம் எல்லாம் இற்றது. அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும், முனை மழுங்கிய கத்தியாலும் கெட்டியான மரம் வரும்வரை எடுங்கள். வெள்ளி போல வெளுத்த மேற்பரப்பு இருந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினைச் சிதைத்து, மழை அதைக் கழுவிக் கழுவி வந்த நிறம் அது. மிக மெல்லிய படலம்தான். உப்புத்தாளை ஒருமுறை இழுத்தால் போய்விடும், வீட்டுக்குள் வைத்து அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எண்ணெய் தடவினாலும் கருத்துவிடும், அதனால் அடிப்பக்கத்தில் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூள் பறக்கும் எந்த வேலைக்கும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பெயிண்ட் அடித்த மரம், தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டை, என்ன மருந்து ஏற்றியது என்று தெரியாத கம்பம் எதையும் எடுக்காதீர்கள். காட்டிலிருந்து எடுக்க அனுமதி வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் எல்லாவற்றையும் அள்ளிவர வேண்டாம், பட்ட மரம் பல உயிர்களுக்கு வீடு.

விளக்குக்கு வருவோம். பல்ப் கண்ணில் படக்கூடாது, மரத்தின் மேல் பட வேண்டும். அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு டார்ச்சைக் கட்டையின் பின்னால், அடியில், பொந்துக்குள் என்று நகர்த்திப் பாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் வைக்கும்போது மேடுபள்ளமெல்லாம் எழுந்து வரும். பல்ப் அங்கே. கட்டையின் உச்சியில் ஹோல்டரைத் திருகி மேலே ஒரு துணிக்கூடையைக் கவிழ்ப்பதை நான் விரும்புவதில்லை. ஒளி கூடைக்குள்ளேயே நின்றுவிடும், மரம் வெறும் கம்பம் ஆகிவிடும்.

பல்ப் எல்இடியாக மட்டும் இருக்கட்டும். பழைய குண்டு பல்ப் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். உலர்ந்த மரத்தை நீண்ட நாள் சூடாக்கிக்கொண்டே இருந்தால் அது கருகி, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடும். பழைய 60 வாட் பல்ப் தந்த 800 லூமன் ஒளியை 8 முதல் 10 வாட் எல்இடி தந்துவிடும், இந்த வேலைக்கு அதில் பாதியே ஏராளம். நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த இதமான ஒளி. வெள்ளை ஒளியில் மரம் சாம்பலாகத் தெரியும்.

வயருக்காக நீளத் துளை போடுவது கடினம். பின்பக்கத்தில் வேரின் வளைவோடு ஒரு காடி (நீளமான பள்ளம்) வெட்டி அதில் வயரைப் படுக்க வைத்தால் முன்னாலிருந்து தெரியாது. துளைதான் வேண்டும் என்றால் இரண்டு முனையிலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வையுங்கள். வயர் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையமும், இழுத்தால் இணைப்பு கழன்றுவிடாதபடி உள்ளே ஒரு பிடிப்பானும் தேவை. மின்வேலை பழக்கம் இல்லாதவர் முதல் சில விளக்குகளை 5 வோல்ட் யூஎஸ்பி அல்லது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் எல்இடியில் செய்வதே நல்லது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கும் விளக்கை, அதுவும் உலோகப் பாகம் உள்ளதை, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

பூச்சு தேவைப்பட்டால் தேனீ மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சரி, கருவிகள். நல்ல கைரம்பம், ஒரு டிரில், ஓர் உளி, ஒரு மர அரம், உப்புத்தாள், முகக்கவசம், தராசு. முதல் வருடத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

என் அறையில் இப்போது இரண்டு கட்டைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. பெரியது போன வாரத்தைவிட 40 கிராம் குறைந்திருக்கிறது. நிற்கும் நிலை கிடைத்துவிட்டது, ரம்பத்தை இன்னும் எடுக்கவில்லை.