ஜால்ரா கொடுத்து ஓரமாக நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் பள்ளி பேண்டு குழுவில் சேர மூன்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒருவனுக்குப் பார்வை இல்லை. ஒரு மாணவி காதுகேள் கருவி அணிந்திருக்கிறாள். இன்னொருவனுக்கு வலது கையில் வலு கிடையாது. "அணி கெட்டுவிடும், மூவருக்கும் ஜால்ரா கொடுத்து ஓரமாக நிறுத்திவிடலாம்" என்கிறார் பேண்டு மாஸ்டர். என்ன செய்வது?
– உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வலது கை வலுவில்லாத பையனிடம், இரண்டு கையாலும் தட்ட வேண்டிய ஜால்ராவைக் கொடுக்கச் சொல்கிறாரே! மாஸ்டர் அந்தப் பையனை இன்னும் சரியாகப் பார்க்கவே இல்லை.

அவனுக்கு பியூகிள் கொடுத்துப் பாருங்கள். டிரம்பெட்டில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் உண்டு; இதில் கிடையாது. சுரம் முழுவதும் உதட்டிலும் மூச்சிலும்தான் பிறக்கிறது. பிடிப்பதற்கு இடது கை போதும். ஊதப் பிடிக்கவில்லை என்றால் பெரிய டிரம் இருக்கிறது. இடது கால் தரையில் விழும்போது ஓர் அடி, அதையும் ஒரு கையாலேயே அடிக்கலாம். கனம் தாங்காவிட்டால் டிரம்மைச் சக்கர வண்டியில் வைத்து இன்னொரு மாணவன் தள்ளட்டும்.

பார்வையில்லாத மாணவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. மிருதங்க ஆசிரியர்கள் சொற்கட்டை வாயால் சொல்லவைத்துத்தானே கைக்குக் கொண்டுவருகிறார்கள்? சைடு டிரம்முக்கும் அதே வழிதான். மெட்டு என்றால் நிதானமாக வாசித்து, கைபேசியில் பதிவுசெய்து கொடுங்கள். அணிவகுத்து நடப்பதுதான் சிக்கல் என்பார் மாஸ்டர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பார்வையற்றோர் பள்ளியின் பேண்டு குழு, 2010 புத்தாண்டு நாளில் பசடேனா நகரின் ரோஜா அணிவகுப்பில் வாசித்துக்கொண்டே நடந்தது. பார்வையுள்ள துணையாட்கள் கூடவே நடந்து வழிகாட்டினார்கள். சுதந்திர தினத்தன்று உங்கள் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவர, தோளைத் தொட்டபடி ஒரு நண்பன் பின்னால் வந்தால் போதாதா?

மாணவியின் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சில காதுகேள் கருவிகளில் டிரம் ஓசை காதைக் குத்தும்படி கேட்கும். எங்கே நின்றால் வசதி என்று அவளிடமே கேளுங்கள். பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் நின்றால் அதிர்வு உடம்பிலேயே தெரியும். தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். செவித்திறன் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்து தாளக் கலைஞர் எவலின் கிளென்னி, அதிர்வை உணர்வதற்காக வெறுங்காலுடன் மேடையில் நின்று வாசிப்பவர். கோலேந்தி முன்னே நடக்கும் மாணவன் அவள் கண்ணில் படும்படி வரிசையை அமையுங்கள்.

மாஸ்டர் இன்னும் முரண்டு பிடித்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16ஆம் பிரிவைத் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். பாகுபாடில்லாமல் சேர்ப்பதோடு, தேவைக்கேற்ற வசதியைச் செய்துதருவதும் பள்ளியின் கடமை என்கிறது அது. ஆனால் சட்டத்தை முதல் நாளே நீட்டாதீர்கள்; மாஸ்டரின் ஒத்துழைப்பு உங்களுக்கு ஆண்டு முழுவதும் வேண்டும்.

இன்னொன்று. விழாவில் மூவரையும் தனியாக மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தும் திட்டம் யாருக்காவது இருந்தால் கைவிடச் சொல்லுங்கள். மற்றவர்களோடு வாசித்துவிட்டு, மற்றவர்களோடு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.