கான் ஓரத்துக் காட்டுத் தினைப்புல்லை மாட்டுக்கு வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். கறவை மாடு இரண்டு. கான் (வடிகால்) ஓரத்திலும் பாதை ஓரத்திலும் தினைக்கதிர் மாதிரி பூ வைக்கிற ஒரு புல் தன்னால் வளர்கிறது. மாடு விரும்பித் தின்கிறது. கதிரை உருவி விதை எடுத்து, லயத்துக்குப் பின்னால் உள்ள காணித் துண்டில் விதைக்கலாமா? தை, மாசியில் புல்லுக்குப் பெரும் பாடாக இருக்கிறது.

பதில்: தம்பி, வளர்க்கலாம். ஆனால் விதைக்க வேண்டாம், தூரைப் பிரித்து நடுங்கள். அப்புறம், அந்தப் புல்லை மட்டுமே போட்டு மாடு வளர்க்காதீர்கள். இரண்டில் இதுதான் முக்கியம், கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அது எந்தப் புல் என்று பார்க்க வேண்டும். தினைக்குக் காட்டு உறவுகள் பல உண்டு. கதிரைக் கையால் உருவிப் பாருங்கள். மணி உதிர்ந்த பிறகும் முள்மயிர் தண்டிலேயே நின்றால் அது தினைச் சாதி. நேப்பியர் புல்லின் கதிரில் மயிரும் மணியோடு சேர்ந்தே வந்துவிடும்.

அடுத்து, தூரைப் பிடித்து இழுங்கள். ஒரு இழுப்பில் வேரோடு வந்து, கதிரும் விரல் நீளத்தில் மஞ்சள் மயிரோடு இருந்தால் அது ஒரு பருவத்தில் காய்ந்துபோகும் களை. அதை நடவே வேண்டாம். கரட், லீக்ஸ் பாத்திகளில் புகுந்தால் களை எடுத்து மாளாது. முற்றிய கதிரின் மயிர் மாட்டின் வாயில் குத்திப் புண்ணாக்கும். கதிர் துணியில் ஒட்டிக்கொள்கிற வகையும் வேண்டாம். ஆற்றோர நிழலில் பனங்குருத்து போல மடிப்பு மடிப்பான அகல இலையோடு நிற்கும் ஒன்றும் உண்டு. நியூகினி மலைவாசிகள் அதன் இளந்தண்டைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நல்ல செடிதான், ஆனால் உங்கள் வெயில் காணிக்கு ஏற்றதல்ல.

இழுத்தால் வராமல் தூர் கட்டி நின்று, அடித்தண்டு தட்டையாக விசிறி போல விரிந்து, கதிர் ஒரு சாண் நீளத்துக்கு உருளையாக இருந்தால், அதுதான் நமக்கு வேண்டிய செட்டேரியா. ஆபிரிக்காவைச் சேர்ந்த பல்லாண்டுப் புல். 'நந்தி' என்ற பேர்பெற்ற ரகம் கென்யாவின் நந்தி மலைப்பகுதியிலிருந்து வந்தது. குளிரும் மழையும் உள்ள உயரமான நிலம் இதற்குப் பிடிக்கும். ஆள் உயரத்துக்கு வளரும்.

விதை ஏன் வேண்டாம்? ஒரே கதிரில் மணிகள் ஒரே நேரத்தில் முற்றாது, முற்றியது உடனே உதிர்ந்துவிடும். புது விதை சில மாதம் உறங்கும், சீக்கிரம் முளைக்காது. முளைத்தாலும் அயல் மகரந்தத்தால் வந்த கன்றுகள், தாய்ப்புல் மாதிரி இருக்காது. தூர் அப்படியில்லை, நல்ல தூரிலிருந்து பிரித்தது நல்ல புல்லாகவே வரும்.

உங்கள் பக்கம் மே மாத மழை தொடங்கியதும் நடுங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்கள் ஒக்டோபர், நவம்பரில் நடலாம். தாள்களை ஒரு சாணுக்கு வெட்டி, இரண்டு மூன்று தண்டும் வேரும் உள்ள துண்டுகளாகப் பிரியுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசை போடுங்கள், மண்ணையும் பிடித்து நிறுத்தும். வரிசைக்கு வரிசை ஒன்றரை முதல் இரண்டு அடி, தூருக்குத் தூர் ஒரு அடி. தேயிலை நின்ற மண் புளிப்பாக இருக்கும், புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் தூவி மாட்டெருவும் போட்டால் போதும். மூன்று மாதத்தில் முதல் வெட்டு, பிறகு ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை. கதிர் தலைகாட்டுவதற்கு முன்பே வெட்டுங்கள். தரையோடு வழிக்காமல் நாலைந்து அங்குலம் விடுங்கள்.

இனி அந்த முக்கிய விஷயம். இந்தப் புல்லில் ஒக்சலேட் அதிகம், உலர்ந்த எடையில் 7 சதவீதம் வரை போகும். அது மாட்டின் உடம்பிலுள்ள கல்சியத்தைக் கட்டிப்போடும். யூரியா போட்ட பிறகு வரும் இளந்துளிரில்தான் இது மிகவும் கூடும். பசியோடு நிற்கிற மாட்டுக்கு அதை வயிறு நிறையப் போட்டால் தள்ளாடும், விழும், எழும்பாது. கன்று போட்ட பசுவுக்கு ஆபத்து இன்னும் அதிகம், பாலோடும் கல்சியம் போய்க்கொண்டிருக்கிறதல்லவா? அப்படி விழுந்தால் எண்ணெயைப் புகட்டிக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். நேரத்தோடு கல்சியம் ஊசி ஏறினால் மாடு எழுந்து நிற்கும்.

பயந்து புல்லையே விட்டுவிட வேண்டாம். முதல் வாரம் ஒரு கட்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள், இரைப்பைக்கும் பழக்கம் வரும். மொத்தப் புல்லில் பாதிக்கு மேல் போக வேண்டாம். மீதிக்கு கினிப்புல், தேயிலைக்கு நிழலாக நிற்கிற கல்யாண முருங்கை இலை, கிடைத்தால் க்ளோவர் என்ற பயறினத் தீவனச் செடி. கனிமக் கலவை தினமும் கொடுங்கள். நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: குதிரைக்கு இந்தப் புல் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கு வருகிற பழக்கம் அதன் வயிற்றுக்கு வராது, நாளடைவில் முகத்தெலும்பு வீங்கிவிடும்.

தை, மாசிக்கு ஒரு வழி உண்டு. மழை முடிகிற நேரத்து வெட்டை ஒரு நாள் வாட்டி, சிறிதாக நறுக்கி, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து வையுங்கள். வாட்டாமல் அடைத்தால் தண்ணீர் விட்டு அழுகிவிடும்.

தேயிலை ஓரத்தில் களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லை இப்போதும் வெட்டாதீர்கள். பாதை ஓரத்தில் நன்றாகப் பருத்த தூர்களுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள், மே மழையில் தேடித் திரிய வேண்டியதில்லை.