மகளின் அழைப்பும் தாயின் உறக்கமும்

கேள்வி: என் மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவள் எடுக்கும்வரை போன் செய்துகொண்டே இருப்பேன். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்விடுவார். "எனக்கு மூச்சு முட்டுதும்மா" என்று மகள் சொன்னதிலிருந்து மனம் ஒடிந்துவிட்டது. பாசத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: பாசம் இருந்தபடியே இருக்கட்டும், சகோதரி. உங்கள் பதற்றத்தைத் தணிக்கும் பொறுப்பு முழுவதையும் மகளின் தலையில் ஏற்றியிருக்கிறீர்களே, அதைத்தான் இறக்க வேண்டும். "நல்லா இருக்கேன்" என்ற குரலைக் கேட்டு மட்டுமே அடங்கிப் பழகிய பதற்றம், மறுநாளும் அதே நேரத்தில் அதே குரல் வேண்டும் என்று இன்னும் விரைவாகத் தலைதூக்கும். ஆகவே, எந்தெந்த நாளில் பேசுவது என்று இருவரும் கலந்து முடிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் போனை எடுக்கக் கை பரபரத்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பழகியபின் இருபது நிமிடம். பதற்றம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, யாரும் சமாதானம் சொல்லாமலேயே மெல்ல இறங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். பசியின் படபடப்பையே பல நேரம் கவலை என்று எண்ணிவிடுகிறோம். குளிருக்கு இதமாக இரவுவரை தேநீர் குடிக்கும் வழக்கம் இருந்தால், மாலை நான்கு மணியோடு நிறுத்துங்கள் (தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்தான்!). தேநீரில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீன் என்ற பொருளில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் ஊரின் ஏற்ற இறக்கத்தில் தினமும் அரை மணி நேரம் நடந்தாலே அது நிறைந்துவிடும். ஆனால், கரடியும் காட்டெருமையும் நடமாடும் பகுதி என்பதால், நன்றாக விடிந்தபிறகு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். காலை வெளிச்சம் இரவுத் தூக்கத்தைச் சீராக்கும். மனம்விட்டுப் பேச இன்னொருவரும் கிடைப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் மனச்சோர்வும் நீடித்தால், அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம்.